கறுப்புத் துணியில் வெள்ளை அச்சு

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதுதல் எளிது. கறுப்புத் துணியில் வெள்ளை மையால் அச்சிடுதல் அரிது. பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூரின் அச்சுப் பட்டறைகளில் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். கல்லூரி விழாவிற்கெனக் கருநிறப் பனியனில் பெயர் பொறிக்கக் கொடுத்த மாணவர் சிலரும் அறிந்திருப்பர். வெண்மையை எதிர்பார்த்தவர் கைக்குச் சாம்பல் நிறமே வந்து சேரும். இஃது ஏன் நேர்கிறது?

கறுப்பு மை ஒளியை விழுங்குகிறது; மெல்லிய பூச்சே அதற்குப் போதும். வெள்ளை மையோ ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பணியைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி. இதன் ரூட்டைல் வகையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, அதனைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் ஊடகத்திற்கோ ஏறத்தாழ 1.5. இவ்வேறுபாடே வெண்மையின் பிறப்பிடம். பூச்சு மெலிந்தால் ஒளி அதனைக் கடந்து கறுப்புத் துணியில் மறைந்துவிடும். எஞ்சுவது சாம்பல் நிறமே.

எனவே மை துணிக்குள் இறங்காமல் அதன்மேல் படிய வேண்டும். இதற்கு அங்குலத்திற்குச் சுமார் 110 இழைகள் கொண்ட பருவலையே ஏற்றது. நுண்வலையில் மை குறைவாகவே இறங்கும். ஸ்குவீஜி எனப்படும் ரப்பர் பட்டையை மிகுதியாக அழுத்தினால் மை துணியின் இழைகளுக்குள் புகுந்துவிடும். தேர்ந்த தொழிலாளர் முதற்பூச்சை இட்டதும், சில நொடிகள் வெப்பம் காட்டித் தொட்டால் ஒட்டாத நிலைக்குக் கொணர்ந்து, அதன்மேல் மறுபூச்சு இடுவர். முதற்பூச்சு துணியின் பிசிறுகளைப் படிய வைக்கிறது. மறுபூச்சு வெண்மையைத் தருகிறது. சிவப்பு, மஞ்சள் முதலிய நிறங்களும் கருந்துணியில் ஒளிர வேண்டுமாயின், அவற்றின் அடியில் வெள்ளையே தளமாக அமைய வேண்டும்.

இனி வருவதே தலையாய நிலை. பிளாஸ்டிசால் என்னும் மை, நீர் வற்றி உலர்வதன்று. வெப்பத்தால் உருகி ஒன்றாவது. பொதுவாகப் பூச்சு முழுவதும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பத்தை எய்துதல் வேண்டும். வெள்ளைப் பூச்சு தடித்தது. ஆகவே மேற்பரப்பு பதமடைந்த பின்னும் அடிப்பகுதி பதமடையாதிருக்கலாம். கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் எழுத்து, சில சலவைகளில் வெடித்து உதிரும். அதற்காக வெப்பத்தை வரம்பின்றி ஏற்றுதலும் ஆகாது. பாலியெஸ்டர் துணியாயின் அதன் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறும். சிவப்புப் பனியனில் அச்சிட்ட வெள்ளை, இளஞ்சிவப்பாக மாறிவிடும். அத்துணிக்குக் குறைந்த வெப்பத்தில் பதமாகும் மையையே தேர்தல் வேண்டும்.

அச்சிட்ட ஒன்றை இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்த பின்னரே எஞ்சியவற்றை அச்சிடுதல் அறிவுடைமை. இச்சோதனைக்குச் செலவாவது ஒரு பனியன். இதனைத் தவிர்த்தால் திரும்பி வருவது சரக்கு முழுவதும். அவ்விழப்பு உரிமையாளரோடு நில்லாது, நாட்கூலி பெறுவோரின் அடுப்பையும் தொடும்.

சிறுமுதலில் தொடங்கத்தக்க இத்தொழிலை நாடும் மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்வாராக: கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுவது பாதி வேலையே, சலவைக்குப் பின்னும் நிலைப்பதே முழு வேலை.