தேயிலைக் கொழுந்தும் அதன் நுண்ணிய காவலரும்

உதகையினின்று கூடலூருக்கு இறங்கும் சாலையில் நடுவட்டம் என்னும் ஊர் உளது. முன்னாளில் கொயினா மருந்துக்குரிய சிங்கோனா மரங்களால் பெயர்பெற்ற அவ்வூரின் மலைச்சரிவுகளில் இன்று தேயிலை பயிராகின்றது. தென்மேற்குப் பருவ மழையும் மூடுபனியும் தேயிலையைத் தழைக்கச் செய்வன; ஆயின், அதன் கொடிய பகையாகிய கொப்புள நோயையும் அவையே வளர்க்கின்றன.

1868-ஆம் ஆண்டில் அஸ்ஸாமில் முதன்முதல் அறியப்பட்ட இந்நோய், 1946-இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் வந்தடைந்தது. எக்ஸோபேஸிடியம் வெக்ஸான்ஸ் என்னும் பூஞ்சணமே இதற்குக் காரணம். காற்றில் வரும் அதன் வித்துகள் ஈரமான தளிரில் முளைத்து உட்புகும். இலையில் வெளிறிய புள்ளி தோன்றி, அடிப்பக்கத்தில் கொப்புளமாகப் புடைத்து, வெண்ணிறமாகி, மீண்டும் வித்துகளைச் சிந்தும். முற்றிய இலையை இது தீண்டாது. தொழிலாளர் கிள்ளும் கொழுந்தே இதற்கு இரை. ஆதலின் நோய் மிகுந்தால் தோட்டக்காரரின் வருவாயும் தொழிலாளரின் கூலியும் ஒருங்கே குன்றும்.

இதனைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்தல் நெடுநாளைய வழக்கம். ஆயினும், தெளித்த இலையையே சின்னாட்களில் பறித்துப் பானமாக்குகின்றோம் என்பதை எண்ணுதல் வேண்டும். வேறு வழி உண்டோ எனின், உண்டு.

மண்ணில் வேர்களைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்களுள் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்பது செடிகளுக்கு உற்ற துணை. சமவெளியில் பருத்தியின் வாடல் நோய்ப் பூஞ்சணம் வேர்வழியே புகுந்து நீர்க்குழாய்களை அடைக்கும். அதனைத் தடுக்க இந்நுண்ணுயிரை விதையிலேயே பூசி விதைப்பர். அது வேரில் குடியேறி, பூஞ்சணத்திற்கு வேண்டிய இரும்புச் சத்தைத் தான் கவர்ந்துகொள்ளும். அதனை ஒடுக்கும் பொருள்களையும் சுரக்கும். அன்றியும், செடி தன் தற்காப்பைத் தானே பெருக்கிக்கொள்ளுமாறு தூண்டும்.

இத்தூண்டுதல் இலையிலும் பயன்தருமா? கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதன் பி.எப்.1 என்னும் வகையைத் தேயிலைமீது 7 நாட்களுக்கு ஒருமுறை தெளித்து ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். இரு பருவங்களிலும் நோய் குறைந்தது. பூஞ்சணத்தின் சுவரைச் சிதைக்கும் கைட்டினேஸ் முதலிய நொதிகள் செடியில் மிகுந்தன. புதுத்தளிர் இடையறாது எழுவதால் தெளிப்பும் இடைவிடாது நிகழவேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. இது உயிருள்ள மருந்து. கடும் வெயிலிலும், செம்பு மருந்தோடு கலப்பினும் மடியும். நோய் பரவுமுன் தெளித்தலே நலம். மழைக்கு முன்னர் நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்தலும் வேண்டும். வெயில் பட்டால் பூஞ்சண வித்துகள் அழியும்.

கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் யாவும் பகையென்று அஞ்சுவார் பலர். அவற்றுள் நட்பினரும் உளர் என்றறிந்து பேணுவோர்க்குக் கொழுந்தும் காக்கப்படும், குடிப்போர்க்கும் ஐயமிராது.