கடன் வாங்கிக் கடல் கடக்கும் ஆசிரியர்கள்

1901 ஆகஸ்ட்டில் ‘தாமஸ்’ என்ற கப்பல் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் இறக்கியது. பிலிப்பைன்ஸைப் புதிதாகப் பிடித்திருந்த அமெரிக்கா, அங்கே ஆங்கிலவழிப் பள்ளிகளை நடத்த அனுப்பியவர்கள் அவர்கள். நூறாண்டு கழித்துப் பயணம் திசை மாறிவிட்டது. அந்த ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள், உள்ளூரில் ஆள் கிடைக்காத அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கப் போகிறார்கள். மாற்றுத்திறன் மாணவர்களின் வகுப்புகளுக்கும் அவர்கள்தான் தேவைப்படுகிறார்கள்.

ஏன் போகிறார்கள் என்பதற்குச் சம்பளச் சீட்டே போதும். 2023-இல் பிலிப்பைன்ஸ் அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு மாதம் சுமார் 27,000 பெசோ, அதாவது 500 டாலருக்கும் குறைவு. அமெரிக்காவில் சராசரித் தொடக்கச் சம்பளமே ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். வாடகையும் வரியும் போக, வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம் மிஞ்சும்.

ஆனால் அங்கே போய்ச் சேரவே பெரும் பணம் வேண்டும். 2007 முதல் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்குச் சுமார் 350 ஆசிரியர்களை அழைத்துப்போன ஏஜென்சி, ஒவ்வொருவரிடமும் சுமார் 16,000 டாலர் கறந்தது. ஊரில் அது பல ஆண்டுச் சம்பளம். வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்கள். 2010-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2012 டிசம்பரில் ஜூரி அவர்களுக்கு 45 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

மேரிலாந்தில் நடந்தது இதைவிட விசித்திரம். எச்-1பி வேலை விசாவுக்கான செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும் என்பது சட்டம். பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டக் கல்வி நிர்வாகம் அதை ஆசிரியர்கள் தலையில் கட்டியது. 2011-இல் தொழிலாளர் துறை தலையிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 42 லட்சம் டாலர் திருப்பித் தர வைத்தது. கூடவே, அந்த நிர்வாகம் இரண்டு ஆண்டுகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அமர்த்தக் கூடாது என்றும் தடை விதித்தது. விசாவோ பள்ளி நிர்வாகத்தோடு பிணைந்தது. தடை காரணமாகப் புதுப்பிக்க முடியாமல் பலர் வேலையையே இழந்தார்கள். தவறு செய்தது நிர்வாகம். பெட்டி கட்டியது ஆசிரியர். ஏஜென்சியின் பேராசையைவிட இந்தப் பிணைப்புதான் பெரிய சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு பள்ளிக்கு எளிதாக மாற முடியாதவர் எதையும் தட்டிக் கேட்க மாட்டார்.

வகுப்பறைச் சிரமங்கள் தனி. பால்டிமோரில் பணிபுரிந்த நான்கு பிலிப்பைன்ஸ் ஆசிரியைகளைப் பின்தொடரும் ரமோனா டியாஸின் ‘தி லேர்னிங்’ (2011) ஆவணப்படத்தைப் பார்த்தால் அவை புரியும்.

இப்போது பலர் ஜே-1 பரிமாற்ற விசாவில் போகிறார்கள். அதற்கு மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. பிறகு இரண்டு ஆண்டு வெளியே இருந்தால்தான் அதே திட்டத்தில் திரும்பவும் சேரலாம். கூட வந்த பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளியில் வேரூன்றும் நேரத்தில் குடும்பம் கிளம்ப வேண்டியிருக்கும். எச்-1பி வழியும் எளிதல்ல. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தைவிடப் பெரிய அந்தத் தொகையைக் கட்டப் பெரும்பாலான அரசுப் பள்ளிகளிடம் பணம் கிடையாது.