நோயாளியைச் சுற்றி ஒரு வகுப்பு

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளியின் உடலில் ஒரே நாளில் பல தொழில்களின் வேலை வந்து சேர்கிறது. மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். மருந்தாளுநர் அதன் அளவைச் சரிபார்த்துக் கொடுக்கிறார். செவிலியர் அதை வேளை தவறாமல் செலுத்தி, இரவும் பகலும் உடனிருந்து மாற்றங்களைக் கவனிக்கிறார். ஆய்வுக்கூட நுட்பநர் ரத்தத்தைச் சோதித்துச் சொல்கிறார். இயன்முறை சிகிச்சையாளர் எனப்படும் பிசியோதெரபிஸ்ட் எழுந்து நடக்கப் பழக்குகிறார். இவர்கள் அனைவரும் படித்த கல்லூரிகள் வேறு, பாடநூல்கள் வேறு, தேர்வுகள் வேறு. பட்டம் பெறும் நாள்வரை மற்றவர் என்ன கற்கிறார், எப்படிச் சிந்திக்கப் பழகுகிறார் என்பதை அறியும் வாய்ப்பு பெரும்பாலோர்க்கு அமைவதில்லை. வேலைக்குச் சேர்ந்த மறுநாளே ஓர் உயிரை ஒன்றாகக் காக்க வேண்டியவர்கள் அதற்கு முன் ஒருநாள்கூட ஒன்றாகக் கற்றதில்லை என்னும் இந்தக் குறையைப் போக்க எழுந்த கல்விமுறையே ‘தொழிலிடைக் கல்வி’ ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்ட ஆவணம் இக்கல்விக்கு ஒரு வரையறை தருகிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவத் தொழில்களைப் பயிலும் மாணவர்கள், நல்ல ஒத்துழைப்பையும் மேலான உடல்நலப் பயனையும் நோக்கி, ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது என்பது அதன் சாரம். இம்மூன்றும் சேர்ந்து நிகழ வேண்டும் என்பதே வரையறையின் உயிர்நிலை. மருத்துவ மாணவரையும் செவிலிய மாணவரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி உடற்கூறு விரிவுரை கேட்கச் செய்தால் அது பொதுவகுப்பு ஆகுமே தவிரத் தொழிலிடைக் கல்வி ஆகாது. ஏனெனில் அங்கே இருவரும் ஆசிரியரிடம் கற்கிறார்கள், ஒருவரிடம் ஒருவர் எதையும் கற்பதில்லை. ஒரே நோயாளியைப் பற்றி இருவரும் தத்தம் பார்வையைச் சொல்லி, கேட்டு, வேறுபட்டு, இறுதியில் ஒரு முடிவுக்கு வரும்போதுதான் இக்கல்வி தொடங்குகிறது.

மருத்துவத் தொழில்கள் தனித்தனிச் சுவர்களுக்குள் வளர்ந்ததற்கு வலுவான வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 1910-இல் அளித்த அறிக்கை, மருத்துவக் கல்வியை அறிவியல் அடித்தளத்தின்மீதும் பல்கலைக்கழகத் தரத்தின்மீதும் நிறுத்த வழிவகுத்தது. அதன்பின் ஒவ்வொரு தொழிலும் தனக்கெனப் பாடத்திட்டம், தேர்வு, பதிவு, உரிமம் என்று வகுத்துக்கொண்டு தன் தரத்தை உயர்த்திக்கொண்டது. அந்த உயர்வால் விளைந்த நன்மை பெரிது. எனினும் அதே நூற்றாண்டில் மருத்துவமே மாறியது: ஒரு மருத்துவர் தம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு தேடிச் சென்று பார்த்த காலம் போய், ஒரு நோயாளிக்குப் பத்துப் பேர் சேர்ந்து சிகிச்சை அளிக்கும் காலம் வந்தது. வேலை கூட்டு வேலையாக மாறிய பிறகும் படிப்பு தனிப் படிப்பாகவே நின்றுவிட்டது. ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்கு நூறாண்டு நிறைந்த 2010-இல், ‘லான்செட்’ இதழ் அமைத்த பன்னாட்டு ஆணையமும் மருத்துவத் தொழில்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து நிற்பதைப் பெருங்குறையாகச் சுட்டி, எல்லைகளைக் கடந்த கல்வியைப் பரிந்துரைத்தது.

இந்தப் பிரிவினால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை இரண்டு அறிக்கைகள் உலகுக்கு உணர்த்தின. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. திறமையும் அக்கறையும் உள்ளவர்களைக்கூடத் தவறிழைக்க வைக்கும் அமைப்புமுறையே இதற்கு முதற்காரணம் என்று அது வாதிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தைகள் இதய அறுவை சிகிச்சையை விசாரித்த குழுவின் அறிக்கை 2001-இல் வெளிவந்தது. பிறந்து ஓராண்டு நிறையாத குழந்தைகளின் இறப்பு அங்கே மற்ற மையங்களைவிட மிகுந்திருந்ததை ஆராய்ந்த அக்குழு, குழுப்பணியின்மையையும், கவலை கொண்டவர்கள் வாய்திறக்க இடமளிக்காத சூழலையும் காரணங்களாகக் காட்டியதோடு, பல தொழிலினரும் சேர்ந்து கற்கவும் பயிற்சி பெறவும் வாய்ப்பு வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

கூடிக் கற்றல் எப்படி நடைபெறும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அங்கே 1986-இல் நிறுவப்பட்ட சுகாதார அறிவியல் புலம், தொடக்கத்திலிருந்தே தொழிலிடைக் கல்வியைப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக வைத்தது. மருத்துவம், செவிலியம், இயன்முறை சிகிச்சை முதலிய படிப்புகளில் சேரும் புதிய மாணவர்கள், தத்தம் தொழிலுக்குள் நுழையும் முன்பே சிறு குழுக்களாகக் கலந்து அமர்ந்து, உடல்நலம், சமூகம், அறநெறி குறித்த சிக்கல்களை ஒன்றாக ஆராய்வார்கள். ‘சிக்கல்வழிக் கற்றல்’ எனப்படும் இம்முறையில் ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவதில்லை; குழுவின் முன் ஒரு சிக்கல் வைக்கப்படும், அதைத் தீர்க்கத் தேவையான அறிவை மாணவர்களே தேடிக் கொணர்ந்து விவாதிக்க வேண்டும். தொடக்கத்தில் இப்படிக் கலந்த மாணவர்கள் படிப்பின் நடுவிலும் மீண்டும் கூடுவார்கள். இறுதிக் கட்டத்தில் நோயாளிகளுக்கு முன்னால் ஒரு குழுவாக நிற்பார்கள்.

அந்த இறுதிக் கட்டத்துக்காக லின்ஷாப்பிங்கில் 1996-இல் தொடங்கப்பட்டதே மாணவர் பயிற்சி வார்டு. எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் அமைந்த அந்த வார்டில், படிப்பை முடிக்கும் நிலையிலுள்ள மருத்துவ, செவிலிய, இயன்முறை சிகிச்சை மாணவர்களும், நோயாளி தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ளப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களும் இரண்டு வாரங்கள் ஒன்றாகப் பணியாற்றி, உண்மையான நோயாளிகளின் பராமரிப்பை ஏற்கிறார்கள். எல்லாத் தொழில்களின் மேற்பார்வையாளர்களும் உடனிருக்கிறார்கள். நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடுகிறார்கள், மற்ற முடிவுகளை மாணவர் குழுவிடமே விட்டுவிடுகிறார்கள். குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, படுக்கை விரிப்பது போன்ற அடிப்படைப் பராமரிப்பில் மருத்துவ மாணவர் உட்பட அனைவருக்கும் பங்குண்டு.

இத்தகைய வார்டில் ஒரு காலைப் பொழுது எப்படி நகரும் என்பதை அருகில் நின்று பார்த்தால் இக்கல்வியின் பொருள் விளங்கும். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த, தனியாக வாழும் முதிய பெண்மணி ஒருவர் வார்டில் இருப்பதாகக் கொள்ளலாம். தையல் காய்ந்திருக்கிறது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஆகவே இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் செய்யலாம் என்கிறார் மருத்துவ மாணவர். கழிவறைக்கு எழுப்பித் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று எண்ணி அவர் இரவெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லை என்கிறார் செவிலிய மாணவி. நிற்க வைத்தால் தலை சுற்றுகிறது என்கிறார் என்பது இயன்முறை சிகிச்சை மாணவர் தரும் செய்தி. அவர் வீட்டுக் குளியலறையில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டிய தொட்டிதான் இருக்கிறது என்பதைக் கேட்டறிந்து வந்திருக்கிறார் ஆக்குபேஷனல் தெரபி மாணவி. இந்த நான்கு செய்திகளும் தனித்தனிக் குறிப்பேடுகளில் கிடந்தால் நான்கு வரிகள், அவ்வளவே. ஒரே மேசையில் வந்து விழும்போது மருத்துவ மாணவர் கேஸ் ஷீட்டைப் புரட்டி, நோயாளி சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுவதைக் காண்கிறார். நீர் அருந்தாமையும் மாத்திரையும் சேர்ந்து, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகின்றனவோ என்று ஐயுறுகிறார். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தம் அளக்கப்படுகிறது, மாத்திரை மறுபரிசீலனைக்கு வருகிறது, தண்ணீர் கொடுக்கும் நேரம் வகுக்கப்படுகிறது, குளியலறையில் கைப்பிடி பொருத்த ஏற்பாடாகிறது. திட்டமிட்டபடி அனுப்பியிருந்தால் அவர் வீட்டில் மீண்டும் விழுந்து, அதே வார்டுக்குத் திரும்பியிருக்கக்கூடும்.

கூடிக் கற்பதால் மாணவர் பெற வேண்டிய திறன்களை அமெரிக்காவில் ஆறு கல்வி அமைப்புகள் இணைந்து 2011-இல் நான்காக வகுத்தன: பொதுவான விழுமியங்களும் அறமும், தம் பொறுப்பையும் பிறர் பொறுப்பையும் அறிதல், தெளிவான தகவல் பரிமாற்றம், குழுவாகச் செயல்படுதல். இவற்றுள் தகவல் பரிமாற்றம் எளிதாகத் தோன்றினாலும் உயிர் ஊசலாடும் வேளையில் முதலில் தடுமாறுவது அதுவே. பயிற்சி பெறாத ஒருவர் நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, “சார், மூன்றாம் படுக்கை நோயாளிக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது” என்று நிறுத்திவிடுவார். பயிற்சி பெற்றவரோ, “மூன்றாம் படுக்கை நோயாளிக்கு ரத்த அழுத்தம் 90/60-க்கு இறங்கிவிட்டது, நாடித்துடிப்பு 120. நேற்று மாலை குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்” என்பார். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் இந்த நான்கு படி வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. தாம் கருதுவதையும், செய்ய வேண்டியதையும் சொல்லும் உரிமையைச் செவிலியருக்கு இது அளிக்கிறது. அந்த உரிமையை மதித்துக் கேட்கும் பழக்கத்தை மருத்துவருக்கு ஊட்டுகிறது. இரண்டையும் ஒருசேரப் பழக்கச் சிறந்த இடம் இருவரும் மாணவராக இருக்கும் வகுப்பறைதான்.

அறுவை சிகிச்சைக் கூடத்துக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகம் செய்த 19 அம்சப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இதே உண்மையைச் சொல்கிறது. தோலில் கத்தி படுவதற்கு முன் கூடத்தில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டதை உறுதிசெய்வது அதன் அம்சங்களுள் ஒன்று. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரும் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. பெயர் தெரிந்தவரை நோக்கி “சற்றுப் பொறுங்கள், இது சரியாகத் தோன்றவில்லை” என்று சொல்வது எளிது. பெயரே தெரியாத ஒருவரை நோக்கிச் சொல்லத் துணிவு வேண்டும்.

தொழிலிடைக் கல்வியின் பயன் குறித்த சான்றுகளை மிகைப்படுத்தாமல் எடைபோட வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தன் கடுமையான அளவுகோல்களுக்குப் பொருந்திய 15 ஆய்வுகளைப் பரிசீலித்தது. அவற்றுள் ஏழு நல்ல விளைவைக் காட்டின, நான்கு கலவையான விளைவைத் தந்தன, மற்ற நான்கில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. கல்லூரியில் இரண்டு வாரம் கற்றது பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நோயாளியின் உயிரைக் காத்ததா என்று அளப்பது இயல்பிலேயே கடினம். பெயரளவுக்கு ஒருநாள் கருத்தரங்கு நடத்திவிட்டு அதையே தொழிலிடைக் கல்வி என்று அழைத்தால் பயன் விளையாது என்ற எச்சரிக்கையாகவும் இந்த முடிவைக் கொள்ளலாம்.

நடைமுறையில் உள்ள தடைகளும் சிறியவை அல்ல. வெவ்வேறு கல்லூரிகளின் கால அட்டவணைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மாணவர் எண்ணிக்கை ஒத்துவருவதில்லை. மதிப்பெண் இல்லாத பாடத்தை மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை. தாமே தனித்துப் படித்து வந்த ஆசிரியர்களுக்குக் கலந்த குழுவை வழிநடத்தத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. இவை அனைத்திலும் ஆழமான தடை, தொழில்களுக்கிடையே ஊறிப்போன உயர்வு தாழ்வு எண்ணமே. முதலாண்டிலேயே மாணவர்கள் பிற தொழிலினரைப் பற்றிய முன்முடிவுகளோடுதான் வருகிறார்கள் என்பதால், அவை இறுகுவதற்கு முன்பே கூடிக் கற்கும் வாய்ப்பை ஏற்படுத்த வேண்டும் என்று கல்வியாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

இந்தியாவில் மருத்துவத் தொழில்களைப் பிரிக்கும் சுவர்கள் சட்டத்தாலேயே எழுந்தவை. செவிலியத்துக்கு 1947-இலும், மருந்தாளுமைக்கும் பல் மருத்துவத்துக்கும் 1948-இலும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. மருத்துவத்துக்கு 2019-இலும், இயன்முறை சிகிச்சை, ஆய்வுக்கூட நுட்பம் முதலிய தொழில்களுக்கு 2021-இலும் தேசிய ஆணையச் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவப் பட்டதாரி ஏற்க வேண்டிய ஐந்து பொறுப்புகளுள் ஒன்றாக, மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இயங்குவதைக் குறிப்பிடுகிறது. ‘உறுப்பினர்’ என்னும் அச்சொல் முக்கியமானது. குழுவை நடத்தத் தெரிந்தால் போதாது, குழுவில் ஒருவராக அடங்கி உழைக்கவும் தெரிய வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலரும் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடிச் சென்று சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முடக்குவாதம் போன்றவற்றால் வாடுவோரைக் கவனிக்கிறார்கள். வீட்டு வாசலில் கூட்டுப்பணி வந்துவிட்ட இந்த மாநிலத்தில், அதற்கான கல்வி கல்லூரி வாசலில் காத்திருக்கலாகாது.

மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி, மருந்தியல் கல்லூரி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில், ஒரே மருத்துவமனையைச் சுற்றி அமைந்திருக்கும் இடங்கள் நம் நாட்டில் பல உண்டு. அந்த மாணவர்கள் வாரத்தில் ஒரு மதிய வேளையில் ஒரு நோயாளியின் படுக்கையைச் சுற்றி நின்று, ‘இவருக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்று ஒருவரையொருவர் கேட்பதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. படுக்கையில் இருப்பவருக்கு உடல் ஒன்று, வலி ஒன்று. அவரைக் காக்க வருபவர்களின் படிப்பும் ஓரளவேனும் ஒன்றுகூட வேண்டும் என்று எதிர்பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு.