முற்றம் வைத்த அடுக்குமாடி... முதலில் மண்ணைப் பாருங்கள்!

மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பழைய ஓட்டு வீட்டில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்த முற்றத்தை அடுக்குமாடிக்கும் கொண்டுவரலாம். சுற்றிலும் வீடுகள், நடுவில் வானம் பார்த்த திறந்தவெளி. மேற்குப் பக்கக் கட்டடம் உயரமாக இருந்தால் பிற்பகலில் முற்றத்துக்கு நிழல். காற்று வரும் பக்கம் இடைவெளி விட்டால் போதும். பிள்ளைகளும் லாரிக்குப் பயப்படாமல் விளையாடலாம்.

ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் டேனரி நிலத்தில் கட்டுவதென்றால் கதையே வேறு.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட, தொழில் ஷூ, முழுத் தோல் என்று மாறியது. குரோமியம் பெருகியது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அங்கே நிலத்தடி நீரே மஞ்சளானது.

இப்படிப்பட்ட மண்ணில் நல்ல பழக்கம்கூட வினையாகிவிடும். மழைநீர் சேமிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். முற்றத்தில் குழி தோண்டி மழைநீரை உள்ளே விட்டால், அது மண்ணில் உள்ள நச்சைக் கரைத்துக்கொண்டு போர்வெல்லுக்கே போய்ச் சேரும். ஆறு இணைதிற குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையும், புற்றுநோயும் தரும்.

அதனால் இங்கே வரைபடம் மண்ணுக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டும். கெட்ட மண்ணை அகற்ற வேண்டும்; முடியாத இடத்தில் களிமண்ணும் தடுப்பு விரிப்பும் போட்டு மூடி, மேலே நல்ல மண் கொட்ட வேண்டும். மொட்டைமாடி மழைநீர் நேராக சம்ப்புக்குப் போகட்டும். வேப்பங்கன்று வைப்பதானால் உயர்த்திக் கட்டிய தொட்டியில்தான். செலவு கூடும், பில்டர் முகம் சுளிப்பார்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஹம்மர்பி என்ற பழைய தொழிற்பகுதியில் இப்படித்தான் செய்தார்கள். முதலில் மண்ணைச் சுத்தம் செய்து, பிறகுதான் முற்றம் வைத்த குடியிருப்புகளைக் கட்டினார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்பீர்கள்தானே? கூடவே இரண்டு ரிப்போர்ட் கேளுங்கள்: மண்ணில் எவ்வளவு குரோமியம், போர்வெல் தண்ணீரில் எவ்வளவு.