மூன்று பிழை, ஒரு சென்ட்

டாலரில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். அதைக் காட்ட 1/100 என்று பொறித்திருக்க வேண்டும். 1801-இல் அடித்த அமெரிக்கச் செப்புக் காசு ஒன்றில் 1/000 என்று இருக்கிறது! 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து இரண்டு கோடுகளாகப் பிரிந்து நிற்கிறது. இலை வளையத்தின் இடப்பக்கக் காம்பையும் காணோம். மூன்று பிழையும் ஒரே அச்சில். அந்தக் காசுக்குத்தான் கிராக்கி.

இந்தப் பெரிய செப்புச் சென்ட்களைப் பிலடெல்பியா நாணயச் சாலை 1793 முதல் 1857 வரை வெளியிட்டது. ஆரம்ப ஆண்டுகளில் அச்சு செய்வது கைவேலை. எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாக எஃகில் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். ஓர் எழுத்து சாயும், ஓர் எண் தலைப்பக்கத்துப் பெண்ணின் கூந்தலை முட்டும். எந்த இரண்டு அச்சும் ஒத்துப்போகாது. அச்சில் விரிசல் விட்டாலும் வேலை நிற்கவில்லை. விரிசலுக்குள் செம்பு ஏறி, காசின் மேல் மெல்லிய வரப்பாகப் படிந்தது. தலை அச்சு உடைந்தால், பழைய பூ அச்சோடு வேறொரு தலை அச்சைச் சேர்த்தார்கள். இப்படி ஒவ்வொரு சோடியும் ஒரு தனி வகை. 1794-க்கு மட்டுமே ஐம்பதுக்கு மேல் தேறுகிறது.

ஆண்டின் முதல் எண் கூந்தலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, இலை நுனி எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்தே வகையைச் சொல்லிவிடுகிறார்கள். 1794 வகைகளில் ஒன்றின் பூப்பக்கத்தில், விளிம்புப் பற்களுக்கு நடுவே 94 பொடி நட்சத்திரங்கள். யார், எதற்காகப் பொறித்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

இந்த ஆரம்ப ஆண்டு வகைகளுக்கு இன்று வழங்கும் எண்களைக் கொடுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர். 1949-இல் வந்த அவருடைய நூலில்தான் காசின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடும் முறையும் பிறந்தது. இப்போது அமெரிக்கக் காசுகள் அனைத்துக்கும் அதுவே அளவுகோல். அதே மனிதர், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு தம்முடைய மட்டமான காசுகளை அங்கே வைத்தார். அவர் மறைந்த பிறகு, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. கீறலும் வடுவுமாக ஒவ்வொரு காசுக்கும் தனி அடையாளம் உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அந்த அடையாளமும் செம்பில் தானாக ஏறிய பழுப்பும் போய்விட்டால் விலையும் போய்விடும். பரணில் பழைய செப்புக் காசு கிடைத்தால், எந்த நாட்டுக் காசானாலும் சரி, புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.