மூளையோடு பேசும் கருவியும் மின்சிக்கனமும்

முன்னுரை

பாளையங்கோட்டைக்கும் காதுகேளாதோர் கல்விக்கும் உள்ள தொடர்பு நூறாண்டு கடந்தது. ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பெயரால் வழங்கும் பள்ளி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்குத் தோன்றியது. சைகையும் எழுத்துமே துணையாயிருந்த காலம் அது. இன்றோ, செவிநரம்பிற்கு மின்துடிப்பால் ஒலியை உணர்த்தும் ‘காக்ளியர் இம்பிளான்ட்’ பரவலாகிவிட்டது. மூளையின் குறிப்புகளைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் கருவிகளும் உருவாகி வருகின்றன. இவற்றின் வெற்றி மின்னாற்றலின் மிகுதியில் இல்லை, சிக்கனத்தில் உள்ளது. அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வெப்பம் என்னும் எல்லை

மனித மூளை முழுவதும் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 20 வாட். ஒரு மின்விசிறிக்கு வேண்டுவதினும் குறைவு. மின்சுற்றில் செலவாகும் ஆற்றலோ வெப்பமாக மாறும். மூளைத் திசு ஓரிரு பாகை சூடேறினும் தீங்கு நேரக்கூடும். மின்கலம் தீருந்தோறும் மண்டையோட்டைத் திறத்தலும் இயலாது.

நரம்பணுவின் குறிப்பு மிக நுண்ணியது. சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட் அளவினது. அதனைப் பெருக்கும் சுற்றிலேயே இரைச்சல் எழுகிறது. அவ்விரைச்சலைப் பாதியாக்க விரும்பின், மின்னோட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். தெளிவுக்கும் சிக்கனத்திற்கும் இடையே நிகழும் இப்போராட்டமே இத்துறையின் உயிர்நாடி எனலாம்.

இரு வழிகள்

முதல் வழி, வேண்டியதை மட்டும் அனுப்புதல். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய கருவியில் 1,024 மின்முனைகள் இருந்தன. அத்தனை முனைகளையும் நொடிக்கு 20,000 முறை, முறைக்கு 10 பிட் வீதம் பதிந்தால், நொடிக்கு 20 கோடி பிட்டுகளுக்கு மேல் சேரும். அனைத்தையும் கம்பியின்றி அனுப்பின் ஆற்றல் வீணாகும். ஆகவே, நரம்பணு துடித்த செய்தியை மட்டும் பிரித்து அனுப்புவர்.

இரண்டாம் வழி, டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறவாத நிலையில் கசியும் சிறு மின்னோட்டத்தையே பணிகொள்ளல். தாமிரபரணிக் கால்வாயில் மடையை அடைத்த பின்னும் பலகையிடுக்கில் நீர் கசியும். அக்கசிவைக் கொண்டே ஒரு நாற்றங்காலை நனைப்பது போன்றது இது. ராகுல் சர்பேஷ்கர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவ்வழியில் உழைத்தார். 2005இல் அவர் குழுவினர் அறிவித்த செவிக்கருவிச் செயலிக்கு 211 மைக்ரோவாட்டே போதுமானதாயிற்று. ஒரு 40 வாட் குழல்விளக்கின் ஆற்றலால் அத்தகைய செயலிகள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்திற்கும் மேல் இயங்கும்!

ஏழைக்கு என்ன பயன்?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய இளங்குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு உதவுகிறது. எனினும், இன்று பரவலாக உள்ள கருவிகளில் உட்பகுதிக்குத் தனி மின்கலம் இல்லை. காதருகே அணியும் புறப்பகுதியே தோல்வழி ஆற்றல் ஊட்டுகிறது. அறுவை ஒருநாளில் முடியும். மின்கலச் செலவோ வாழ்நாள் முழுதும் தொடரும். பீடி சுற்றிப் பிழைக்கும் மேலப்பாளையத்துத் தாய்க்கு அது சிறு சுமையன்று. மின்கலம் ஓய்ந்த பொழுதெல்லாம் குழந்தையின் உலகமும் ஊமையாகிறது.

முடிவுரை

எனவே, சுற்றில் ஒரு மைக்ரோவாட்டைக் குறைப்பவர் ஏழைக் குழந்தைக்குப் பேச்சொலி கேட்கும் நேரத்தைக் கூட்டுபவர் ஆகிறார். மின்னணுவியல் பயிலும் நம் மாணவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். தாய்மொழியை முதன்முதலாகக் காதால் கேட்கும் ஒரு பிள்ளையின் மகிழ்ச்சியைவிடத் தமிழுக்குச் செய்யத்தக்க தொண்டு வேறு யாது?