கேள்வி முடியும் முன்பே தயாராகும் பதில்

இருவர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே விழும் இடைவெளி பெரும்பாலும் 200 மில்லிநொடியை ஒட்டியே இருக்கிறது. ஓர் அசையைச் சொல்லும் நேரம்தான் அது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 600 மில்லிநொடி பிடிக்கிறது. வாக்கியம் என்றால் இன்னும் கூடுதல். கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பதிலை யோசிப்பது என்றால் இந்தக் கணக்கு உதைக்கும்.

பேச்சில் முறை மாறுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் எழுதினர். 2009-இல் டான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளில் ஆம்-இல்லை கேள்விகளை அளந்தனர். ஜப்பானிய மொழியில் சராசரி இடைவெளி 7 மில்லிநொடி, டேனிஷில் 469. இதை வைத்து ஓர் இனம் சுறுசுறுப்பு, இன்னொன்று மந்தம் என்று முடிவுகட்ட இடமில்லை. பொதுச் சராசரியிலிருந்து எந்த மொழியும் ஏறத்தாழக் கால் நொடிக்கு மேல் விலகவில்லை. தமிழைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியம்தான் முந்தி நிற்கிறது என்பதே வியப்பு.

சுழலும் கயிற்றுக்குள் புகும் சிறுமி, கயிறு தரையைத் தட்டும் வரை காத்திருப்பதில்லை. அதன் வேகத்தைக் கண்ணால் பிடித்து முன்பே காலைத் தூக்கிவிடுகிறாள். உரையாடலில் கேட்பவரும் இப்படித்தான் முடிவை முன்பே கணிக்கிறார். அசைகளின் ஓட்டம் கயிற்றின் வேகம் என்றால், சுழற்றுபவரின் முழங்கை தாழ்வதுதான் கடைசி அசையில் வரும் நீட்சி. கயிறு காலில் சிக்குவது, இருவரும் ஒரே நேரத்தில் பேசி நிறுத்துவது.

கேட்பவர் எதைப் பிடித்துக்கொண்டு கணிக்கிறார்? 2006-இல் நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் டச்சு உரையாடல்களை ஒலிக்கவிட்டு, பேச்சு முடியும் கணத்தில் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கியும் கணிப்பு பிசகவில்லை. சொற்கள் புரியாதபடி மழுக்கி, குரலின் இசையை மட்டும் விட்டபோது கேட்டவர்கள் தடுமாறினர். பேச்சில் சொல்லின் பங்கு வெறும் 7 சதவீதம் என்று ஆளுமைப் பயிற்சி மேடைகளில் முழங்குவது எவ்வளவு பொய் என்பதற்கு இது ஒன்றே போதும். அந்த எண்ணின் மூலமான உளவியலாளர் மெராபியனின் 1967 ஆய்வுகள், விருப்பு வெறுப்பைக் காட்டுவதைப் பற்றிய குறுகிய சோதனைகள் மட்டுமே.

அதற்காக இசைக்கு வேலையில்லை என்றாகிவிடாது. 2015-இல் ஆய்வாளர்கள் போகெல்ஸ், டோரெய்ரா இருவரும் ஒரே சொற்களில் தொடங்கும் இரு கேள்விகளை எடுத்துக்கொண்டனர். ஒன்று ‘மாணவர்’ என்பதோடு முடியும். மற்றது எந்தப் பல்கலைக்கழகம் என்று சேர்த்துக்கொண்டு நீளும். சொல்லை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. குறுங்கேள்வியின் இறுதியில்தான் அசை நீள்கிறது, சுருதி ஏறுகிறது. அந்த முடிவை வெட்டி நெடுங்கேள்வியின் நடுவில் ஒட்டியதும், கேட்டவர்கள் அங்கேயே பொத்தானை அழுத்தத் தொடங்கினர். என்ன பதில் என்பதைச் சொற்கள் முன்கூட்டியே தயார் செய்கின்றன. எப்போது வாய் திறப்பது என்பதைக் கடைசி அசை சொல்கிறது.

மனிதரைப் போலவே உரையாடும் என்று விற்கப்பட்ட குரல் உதவிக் கருவிகளில் பலவும் இப்படிக் கணிப்பதில்லை. குறிப்பிட்ட நேரம் மௌனம் நீடிக்கிறதா என்று பார்த்து அதன் பிறகே பேசுகின்றன. அதனால்தான் கேள்வி கேட்டவர் பதிலுக்காகக் காத்திருக்க நேர்கிறது. நடுவே யோசிக்க நிறுத்தினாலோ கருவி குறுக்கே புகுந்துவிடுகிறது.